பொதுமக்கள் கருத்தறிதலும் முன்னுரிமைத் தீர்மானமும்: அமெரிக்க வளர்ச்சிசார் குறைபாட்டுத் திட்டங்களில் ‘யாருடைய குரல்’ என்னும் வினா (1950–2000)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ச்சிசார் குறைபாடு உடையோருக்கான திட்டங்களின் முன்னுரிமைகளை வகுக்கும்போது பொதுமக்களின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்பது இன்று சட்டக் கடமையாக உள்ளது. இக்கடமை ஒரே நாளில் தோன்றியதன்று. வல்லுநர் குழுக்கள் தீர்மானித்த காலத்திலிருந்து பெற்றோர் சங்கங்கள் பேசிய காலத்திற்கும், பின்னர்க் குறைபாடு உடையோர் தாமே பேசத் தொடங்கிய காலத்திற்கும் அது நகர்ந்து வந்தது. 1962ஆம் ஆண்டு அறிக்கை, 1970, 1975, 1978, 1987, 2000 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், இடையில் எழுந்த வழக்குகள், தன்னுரிமைக் குரல் இயக்கம், நேர்காணல் முறை பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றின் வழி இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கருத்துக் கேட்பு என்பது வெறும் நிருவாகச் சடங்கன்று. யார் ‘பொதுமக்கள்’ எனக் கொள்ளப்பட்டனர் என்பதைக் காட்டும் வரலாற்றுச் சான்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வளர்ச்சிசார் குறைபாடு, மாநில மன்றம், ஐந்தாண்டுத் திட்டம், பெற்றோர் சங்கங்கள், தன்னுரிமைக் குரல் இயக்கம், ஆமோதிப்புச் சாய்வு.

முன்னுரை

ஓர் அரசு தன் நலத்திட்டங்களை வகுக்கும்போது எதற்கு முதலிடம் தருவது என்னும் வினாவை எதிர்கொள்கிறது. கல்வியா, வேலைவாய்ப்பா, வீட்டு வசதியா, போக்குவரத்தா என்னும் தெரிவு, பணம் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பயனாளிகளைக் கேட்டுத் தீர்மானிப்பதே முறை என்று இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆயினும், பயனாளிகளுள் பலர் பேச்சுமொழியில் தம் கருத்தைத் தெரிவிக்க இயலாதவராகவோ, தம் சார்பில் பிறர் பேசுவதற்குப் பழக்கப்பட்டவராகவோ இருக்கும்போது ‘கேட்டறிதல்’ என்பதன் பொருள் என்ன என்னும் சிக்கல் எழுகிறது. அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், வலிப்பு நோய், ஆட்டிசம் முதலியவற்றை உள்ளடக்கிய வளர்ச்சிசார் குறைபாட்டுத் துறையில் இச்சிக்கல் கூர்மையாக வெளிப்பட்டது. அமெரிக்கா இதனைச் சட்டத்தின் வழியாகத் தீர்க்க முயன்ற வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீளமுடையது.

இக்கட்டுரையில் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்னும் தொடர் அக்காலச் சட்டங்களும் அமைப்புகளும் வழங்கிய பெயரைக் குறிக்கும் இடங்களில் மட்டுமே ஆளப்படுகிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டங்களில் அச்சொல்லுக்கு மாற்றாக ‘அறிவுசார் குறைபாடு’ என்னும் சொல்லை இடச்செய்த ‘ரோசா சட்டம்’ 2010ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

கேட்கப்படாத காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிவுசார் குறைபாடு உடையோர் அரசின் பார்வையில் கருத்துடையோராக அல்ல, கட்டுப்படுத்தப்பட வேண்டியோராகவே கொள்ளப்பட்டனர். இனமேம்பாட்டுக் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த அக்காலத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை 1927ஆம் ஆண்டு ‘பக் எதிர் பெல்’ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தம் உடலைப் பற்றிய முடிவிலேயே அவர்களுடைய ஒப்புதல் தேவையில்லை என்று முடிவான நிலையில், திட்டங்களைப் பற்றிய அவர்களுடைய கருத்துக்கு இடம் இருந்திருக்க முடியாது.

இவர்களுக்கென மாநிலங்கள் நடத்திய பெருங்காப்பகங்கள் ஊர்களிலிருந்து விலகி அமைந்திருந்தன. குழந்தை பிறந்ததும் காப்பகத்தில் சேர்த்துவிடுமாறு மருத்துவர்கள் பெற்றோருக்கு அறிவுறுத்துவது இயல்பாக இருந்தது. இக்காப்பகங்களில் வாழ்ந்தோரின் எண்ணிக்கை 1967ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டில் 1,94,650 பேர் மாநிலக் காப்பகங்களில் இருந்தனர். இத்தனை பேரின் உணவு, உறைவிடம், பயிற்சி ஆகிய அனைத்தும் அவர்களைக் கேளாமலேயே முடிவு செய்யப்பட்டன.

பெற்றோர் சங்கங்களின் எழுச்சி

கேட்கப்படாத இந்நிலையில் முதலில் குரல் எழுப்பியோர் பெற்றோரே. ஓஹையோ மாநிலத்தின் கயஹோகா வட்டாரத்தில் 1933ஆம் ஆண்டு, பள்ளிகள் சேர்க்க மறுத்த குழந்தைகளின் தாய்மார் சிலர் ஒன்றுகூடி அமைத்த சங்கம் இவ்வகை முயற்சிகளுள் தொடக்க காலத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தகைய உள்ளூர்ச் சங்கங்கள் பெருகின. 1949இல் பெருமூளை வாதம் உடையோருக்கான தேசிய அமைப்பு உருவாயிற்று. 1950ஆம் ஆண்டு செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில் பல மாநிலங்களின் பெற்றோர் சங்கங்கள் கூடித் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவின. இன்று ‘தி ஆர்க்’ எனப்படும் அமைப்பின் தோற்றம் அதுவே.

அதே 1950ஆம் ஆண்டில், நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் பெர்ல் பக் தம் மகளைப் பற்றி எழுதிய சிறுநூல் வெளிவந்தது. குடும்பத்தின் இரகசியமாக மறைக்கப்பட்ட ஒன்று பொதுப்பேச்சாக மாறியதற்கு இத்தகைய வெளியீடுகள் துணைபுரிந்தன. 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தம் சகோதரி ரோஸ்மேரியைப் பற்றி இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, குடியரசுத் தலைவரின் குடும்பமே இதற்கு விலக்கன்று என்பதை நாட்டுக்கு அறிவித்தது.

பெற்றோர் இயக்கத்தின் அறிவார்ந்த முகமாக விளங்கியவர் எலிசபெத் பாக்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், குறைபாடு உடைய மகனின் தாய். தேசியப் பெற்றோர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். கொள்கை வகுப்போரின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பெற்றோரின் தேவைகளை எடுத்துரைத்தது இவருடைய தனிச்சிறப்பு. எனினும் பெற்றோர் பேசியபோது பிள்ளைகளின் சார்பில் பேசினர் என்பதும், பிள்ளைகள் தாமே பேசவில்லை என்பதும் பின்வந்த விவாதங்களுக்கு அடிப்படையாயின.

வல்லுநர் குழுவும் 1962ஆம் ஆண்டு அறிக்கையும்

குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1961ஆம் ஆண்டு அக்டோபரில் மனவளர்ச்சிக் குறை பற்றிய குழு ஒன்றை அமைத்தார். லியனார்ட் மேயோ அதன் தலைவர். மருத்துவம், உளவியல், கல்வி, சட்டம் முதலிய துறைகளின் வல்லுநர்களே உறுப்பினருள் மிகுதியாக இருந்தனர். எலிசபெத் பாக்ஸும் அதில் இடம்பெற்றார். குழு பொது அமர்வுகளை நடத்தியது. சுவீடன், டென்மார்க் உள்ளிட்ட நாடுகளின் பணிகளையும் ஆராய்ந்தது. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, ஆய்வு, தடுப்பு, மருத்துவப் பணி, கல்வி, உறைவிடப் பராமரிப்பு, சட்டம் எனப் பல களங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளை முன்வைத்தது.

இவ்வறிக்கையின் தொடர்ச்சியாக 1963ஆம் ஆண்டு அக்டோபரில் இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, மாநிலங்கள் முழுமையான திட்டமிடலில் ஈடுபட நிதி வழங்கியது. மற்றொன்று, ஆய்வு மையங்களையும் பணியிடங்களையும் கட்டுவதற்கு நிதி வழங்கியது. மாநிலம் திட்டமிட வேண்டும் என்னும் எண்ணம் இங்கே வேரூன்றியது. ஆனால் திட்டமிடல் என்பது துறைத் தலைவர்களும் வல்லுநர்களும் ஒன்றுகூடிச் செய்யும் பணியாகவே கருதப்பட்டது. இக்கட்டத்தில் பொதுமக்கள் சான்று கூறுவோரே அன்றித் தீர்மானிப்போர் அல்லர்.

1970ஆம் ஆண்டுச் சட்டம்: மூன்றில் ஒரு பங்கு

1970ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் நிக்சன் ஒப்பமிட்ட சட்டம் இரு வகையில் திருப்புமுனையானது. முதலாவது, ‘வளர்ச்சிசார் குறைபாடு’ என்னும் தொடர் சட்டத்தில் முதன்முறையாக இடம்பெற்றது. அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், வலிப்பு நோய் ஆகியவற்றையும், இவற்றை ஒத்த பணிகள் தேவைப்படும் பிற நரம்பியல் நிலைகளையும் அது ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது. இந்நிலை 18 வயதுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்பது வரையறை. தனித்தனியே நிதி கேட்டு நின்ற சங்கங்கள் ஒரு பெயரின்கீழ் ஒன்றுபட்டன. இவ்வொருங்கிணைப்பில் பாக்ஸின் பங்கு குறிப்பிடத்தக்கது. சொல் ஒன்று உருவானதும் அரசியல் கூட்டணி ஒன்று உருவாயிற்று எனலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு மாநிலத்திலும் திட்டமிடும் மன்றம் ஒன்று அமைய வேண்டும் என்றும், அதன் உறுப்பினருள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் நுகர்வோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. இங்கு ஆளப்பட்ட சொற்சேர்க்கை கூர்ந்து நோக்கத்தக்கது. சட்டம் ‘நுகர்வோர்’ என்று மட்டும் கூறவில்லை; ‘நுகர்வோரின் பிரதிநிதிகள்’ என்றது. நடைமுறையில் அவ்விருக்கைகளில் பெரும்பாலும் பெற்றோரே அமர்ந்தனர். பெற்றோர் இயக்கத்தின் இருபதாண்டு உழைப்பு சட்ட வடிவம் பெற்றது என்பது இதன் ஒரு பக்கம். பணிகளைப் பெறுபவர் இன்னும் மேசைக்கு வெளியே நின்றார் என்பது மறுபக்கம்.

காப்பகங்கள் வெளிச்சத்திற்கு வந்தமை

மன்றங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே காப்பகங்களின் நிலை நாட்டை உலுக்கியது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் காப்பகத்தை 1965ஆம் ஆண்டில் பார்வையிட்ட செனட்டர் இராபர்ட் கென்னடி அதன் இழிநிலையைக் கடுமையாகக் கண்டித்தார். ஏறத்தாழ 4,000 பேருக்கென அமைந்த இடத்தில் அப்போது 6,000 பேர் இருந்தனர். பர்ட்டன் பிளாட், ஃபிரெட் கப்லான் ஆகியோர் காப்பகங்களுக்குள் மறைவாக எடுத்த ஒளிப்படங்களின் தொகுப்பு 1966இல் வெளிவந்தது. 1972ஆம் ஆண்டு சனவரியில் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹெரால்டோ ரிவேரா வில்லோபுரூக் காட்சிகளை ஒளிபரப்பினார். அவ்வாண்டிலேயே பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975இல் இணக்கத் தீர்ப்பு எட்டப்பட்டது.

இப்பின்னணியில் 1975ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய சட்டம் தன் பெயரிலேயே ‘உரிமைப் பட்டயம்’ என்னும் சொல்லைத் தாங்கியது. ஆட்டிசத்தையும் வரையறைக்குள் அது சேர்த்தது. மாநில நிருவாகத்தைச் சாராமல் இயங்கும் உரிமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை ஒவ்வொரு மாநிலமும் ஏற்படுத்த வேண்டும் என்றது. கருத்துக் கேட்பின் வரலாற்றில் இது முக்கியமானது. காப்பகத்தில் இருப்பவர் தம்மைப் பராமரிப்பவரைப் பற்றி அஞ்சாமல் பேச வேண்டுமானால், பராமரிப்பவரைச் சாராத ஒருவர் கேட்க வேண்டும் என்னும் உண்மை இங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் அப்பட்டயத்தின் வலிமை விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்ட் காப்பகம் குறித்த வழக்கில் 1981ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி இரென்க்விஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சட்டத்தின் உரிமைப் பட்டயப் பகுதி நாடாளுமன்றத்தின் விருப்பத்தை வெளியிடுகிறதேயன்றி, மாநிலங்கள் கட்டாயம் நிறைவேற்ற வேண்டிய உரிமைகளை உருவாக்கவில்லை என்றது. நீதிமன்றத்தின் வழி உரிமையை நிலைநாட்டும் பாதை குறுகியபோது, திட்டமிடும் மன்றங்களின் வழி முன்னுரிமைகளை மாற்றும் பாதை மேலும் முக்கியத்துவம் பெற்றது. வில்லோபுரூக்கும் பென்ஹர்ஸ்ட்டும் 1987இல் மூடப்பட்டன.

இவ்வழக்குகள் ‘பொதுமக்கள்’ என்னும் சொல்லுக்குள் இருந்த பிளவையும் வெளிக்கொணர்ந்தன. காப்பகங்களை மூட வேண்டும் என்று வழக்காடிய பெற்றோர் ஒரு பக்கம் இருந்தனர். தம் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு நிலையான புகலிடம் வேண்டும் என அஞ்சி, மூடலை எதிர்த்த பெற்றோர் மறுபக்கம் இருந்தனர். இரு சாராரும் அன்பினாலேயே பேசினர். எனவே, பெற்றோரைக் கேட்டுவிட்டால் பொதுமக்களைக் கேட்டதாகும் என்னும் எளிய சமன்பாடு இனிச் செல்லாதாயிற்று.

வரையறை மாற்றமும் மன்றத்தில் பாதி இடமும்

1978ஆம் ஆண்டின் திருத்தம் வரையறையை நோயின் பெயரிலிருந்து வாழ்க்கைச் செயற்பாட்டுக்கு மாற்றியது. 22 வயதுக்கு முன் வெளிப்பட்டு, தன்னைப் பேணல், மொழி, கற்றல், இடம்பெயர்தல், தன்னை வழிநடத்தல், தனித்து வாழுந்திறன், பொருளாதாரத் தன்னிறைவு ஆகிய 7 களங்களுள் குறைந்தது மூன்றில் கணிசமான தடையை ஏற்படுத்தும் நாட்பட்ட நிலையே வளர்ச்சிசார் குறைபாடு எனப்பட்டது. இம்மாற்றம் கருத்துக் கேட்பின் வினாவையும் மாற்றியது. ‘இந்நோய்க்கு என்ன மருத்துவம் வேண்டும்’ என்பது வல்லுநரிடம் கேட்க வேண்டிய வினா. ‘அன்றாட வாழ்வில் எது தடையாக உள்ளது’ என்பதோ, அவ்வாழ்வை வாழ்பவரிடம் கேட்க வேண்டிய வினா. அதே திருத்தம், மன்றத்தில் குறைபாடு உடையோருக்கும் குடும்பத்தினருக்கும் குறைந்தது பாதி இடத்தை ஒதுக்கியதும், அவ்விடங்களில் குறைபாடு உடையோருக்கெனத் தனிப்பங்கு வகுத்ததும் இத்தருக்கத்தோடு பொருந்துவனவே.

தன்னுரிமைக் குரல் இயக்கம்

சட்டம் மாறிக்கொண்டிருந்தபோது, சட்டத்துக்கு வெளியே மற்றொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. சுவீடனில் பெங்ட் நிர்யே 1960களில் அறிவுசார் குறைபாடு உடைய இளைஞர்களின் மன்றங்களை ஊக்குவித்தார். 1970ஆம் ஆண்டு மால்மோ நகரில் அவர்கள் தேசிய மாநாடு கூடித் தம் வாழ்விடம், வேலை, ஓய்வு பற்றிய கோரிக்கைகளைத் தாமே வகுத்தனர். அவர்களால் தம் நிலையை ஆராய்ந்து பேச முடியுமா என்னும் ஐயத்துக்கு இம்மாநாடு விடையாக அமைந்தது.

1973இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதை ஒத்த மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொண்ட ஓரிகன் மாநிலத்தவர், வல்லுநர்களே அங்கு மிகுதியாகப் பேசினர் எனக் கண்டு, தம் மாநாட்டைத் தாமே நடத்தத் தீர்மானித்தனர். சேலம் நகரின் ஃபேர்வியூ காப்பகத்தில் வாழ்ந்தவர்களும் அங்கிருந்து வெளியேறியவர்களும் 1974இல் ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். ‘முதலில் நாங்கள் மனிதர்கள்’ என்பதே அப்பெயரின் பொருள். அவ்வாண்டு அக்டோபரில் ஓரிகனின் ஆட்டர் கிரெஸ்ட் என்னுமிடத்தில் கூடிய முதல் மாநாட்டுக்கு 560 பேர் வந்தனர். பின்னர் பல மாநிலங்களில் இவ்வமைப்புகள் தோன்றின. 1991இல் தேசியக் கூட்டமைப்பும் உருவாயிற்று.

இவ்வியக்கத்தின் வரலாற்று முக்கியத்துவம் அதன் கோரிக்கைகளில் மட்டும் அடங்கவில்லை. முன்னுரிமைகளின் வரிசையையே அது மாற்றியமைத்தது. பெற்றோர் பாதுகாப்பையும் நிலைத்த பராமரிப்பையும் முதன்மையாகக் கருதிய இடங்களில், இவர்கள் உண்மையான ஊதியத்தையும், யாருடன் வாழ்வது என்னும் தெரிவையும், தம்மை அழைக்கும் பெயரையும் முன்னிறுத்தினர். பயிற்சிக்கூடங்களில் மிகக்குறைந்த ஊதியத்திற்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தோர், வேலைவாய்ப்பு என்னும் தலைப்பின்கீழ்ப் பயிற்சி இடங்களைப் பெருக்குவதை ஏற்கவில்லை. ஒரே தலைப்பு, பேசுபவர் மாறியபோது பொருள் மாறியது.

இதே காலத்தில் மினசோட்டா மாநில மன்றம் 1987ஆம் ஆண்டில் தொடங்கிய தலைமைப் பயிற்சித் திட்டம், குறைபாடு உடையோரையும் குறைபாடு உடைய இளங்குழந்தைகளின் பெற்றோரையும் கொள்கை வகுப்பில் பங்கேற்கப் பயிற்றியது. கருத்துக் கேட்பதற்கு முன், கருத்துக் கூறுவோர்க்குத் தேவையான அறிவும் துணிவும் வழங்கப்பட வேண்டும் என்னும் கொள்கை இதன் அடித்தளம். பின்னர் இத்திட்டம் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

கேட்கும் முறை பற்றிய ஆய்வுகள்

குறைபாடு உடையோரையே கேட்க வேண்டும் என்பது ஏற்கப்பட்டபின், எவ்வாறு கேட்பது என்னும் வினா எழுந்தது. கேரல் சிகல்மனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. ‘ஆம், இல்லை’ என விடை கூறும் வினாக்களுக்கு அறிவுசார் குறைபாடு உடையோர் பலர் ‘ஆம்’ என்றே கூற முற்படுவதையும், எதிரெதிர்ப் பொருளுடைய இரு வினாக்களுக்கும் ‘ஆம்’ என்றே விடையளிப்பதையும் அவர்கள் காட்டினர். இதனை ‘ஆமோதிப்புச் சாய்வு’ எனலாம். ‘இங்கு உங்களுக்கு மகிழ்ச்சியா’ எனக் கேட்டுப் பெற்ற ‘ஆம்’ என்பதை நிறைவுக்குச் சான்றாகக் கொள்வது பிழை என்பது இதன் விளைவு.

இச்சாய்வுக்குக் காரணம் குறைபாடு மட்டுமன்று எனக் கருத இடமுண்டு. மறுப்பவர் தண்டிக்கப்பட்ட காப்பகச் சூழலில் நெடுங்காலம் வாழ்ந்தவருக்கு ஒப்புக்கொள்ளுதலே பாதுகாப்பான விடை. எனவே ‘ஆம்’ என்னும் விடையில் ஒருவரின் விருப்பம் மட்டுமன்றி, அவர் வாழ்ந்த அதிகாரச் சூழலும் பதிவாகியுள்ளது. இருவழித் தெரிவு வினாக்களும் படங்களின் துணையோடு கேட்கும் வினாக்களும் மேலானவை என அடுத்துவந்த ஆய்வுகள் பரிந்துரைத்தன.

1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இம்முறையியல் வினாவை நாடளாவிய அளவில் எழுப்பியது. பணிகளைப் பெறுவோரின் நிறைவை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அறிக்கை அளிக்குமாறு மாநில மன்றங்களை அது பணித்தது. இதன்பொருட்டு ஏறத்தாழ 13,000 பேரிடம் நேர்காணல்கள் நடத்தப்பட்டன. திட்டங்களின் வெற்றியைக் கட்டடங்களின் எண்ணிக்கையாலோ செலவிட்ட தொகையாலோ அளந்துவந்த நிருவாகம், பயனாளியின் தற்சார்பு, உழைப்பு, சமூகத்தில் கலந்து வாழ்தல் ஆகியவற்றால் அளக்கத் தொடங்கியமை இதன் சிறப்பு. பேச இயலாதவரின் சார்பில் குடும்பத்தினரோ பணியாளரோ விடையளிக்கலாமா என்னும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. 1997இல் தொடங்கிய ‘நேஷனல் கோர் இண்டிகேட்டர்ஸ்’ என்னும் தேசிய அளவீட்டு முயற்சி இதற்கு நடைமுறை வழி கண்டது. மனநிறைவு போன்ற அகநிலை வினாக்களுக்கு அவரவரே விடையளிக்க வேண்டும். புறத்தே அறியத்தக்க வினாக்களுக்கு மட்டும் அவரை நன்கறிந்த பிறர் விடையளிக்கலாம் என அது பகுத்தது.

2000ஆம் ஆண்டுச் சட்டமும் ஐந்தாண்டுத் திட்டமும்

2000ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், முதற்சட்டம் நிறைவேறிச் சரியாக முப்பது ஆண்டுகள் கழிந்த நாளில், குடியரசுத் தலைவர் கிளின்டன் புதிய சட்டத்தில் ஒப்பமிட்டார். அமெரிக்காவில் வளர்ச்சிசார் குறைபாடு உடையோர் 32 இலட்சம் முதல் 45 இலட்சம் வரை இருப்பதாக அச்சட்டத்தின் முகப்புப் பகுதி மதிப்பிட்டது. மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலுமாக இன்று 56 மன்றங்கள் இச்சட்டத்தின்கீழ் இயங்குகின்றன.

மன்ற உறுப்பினருள் குறைந்தது 60 விழுக்காட்டினர் குறைபாடு உடையோரும் குடும்பத்தினருமாக இருக்க வேண்டும் என்பது விதி. அவ்விடங்களில் மூன்றில் ஒரு பங்கு குறைபாடு உடையோருக்கும், மூன்றில் ஒரு பங்கு பெற்றோர், உறவினர், காப்பாளர் ஆகியோருக்கும், எஞ்சிய பங்கு இரு சாராருக்கும் உரியது. கணக்கிட்டு நோக்கின், குறைபாடு உடையோருக்கு மன்றத்தில் உறுதியான குறைந்தளவு ஐந்தில் ஒரு பங்கே. காப்பகத்தில் வாழ்ந்த அல்லது வாழும் ஒருவரோ அவருடைய நெருங்கிய உறவினரோ இடம்பெற வேண்டும் என்பதும் விதி. அரை நூற்றாண்டுக் காலத்தில் எழுந்த எல்லாக் குரல்களும் இவ்விகிதங்களில் படிந்துள்ளன.

மன்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டம் வகுக்கிறது. தர உறுதி, கல்வியும் தொடக்கநிலைத் தலையீடும், குழந்தைப் பராமரிப்பு, உடல்நலம், வேலைவாய்ப்பு, வீட்டு வசதி, போக்குவரத்து, பொழுதுபோக்கு ஆகியனவும் பிற பணிகளும் அதன் களங்கள். திட்டம் பொதுமக்கள் கருத்தை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். வரைவு, அணுகத்தக்க வடிவங்களில், போதிய முன்னறிவிப்புடன் பொதுப்பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். குறிப்பிடத்தக்க கருத்துகளுக்கேற்பத் திருத்தப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. ‘அணுகத்தக்க வடிவம்’ என்பது இங்கு முக்கியமானது. எளிய மொழி, பெரிய எழுத்து, பிரெயில், சைகைமொழி ஆகியவை இல்லாத வரைவு, இவர்களைப் பொறுத்தவரை வெளியிடப்படாத வரைவே.

கருத்துக் கேட்பின் வரம்புகள்

இவ்வமைப்பின் வரம்புகளும் வரலாற்றின் பகுதியே. முதலாவது, நிதி. 56 மன்றங்களுக்கும் கூட்டரசு வழங்கும் தொகை அண்மை ஆண்டுகளில் மொத்தம் 8 கோடி டாலர் அளவிலேயே இருந்தது. நேரடிப் பணிகளுக்கான பெருந்தொகை மெடிக்கெய்டு திட்டத்தின் வழியாகவே செல்கிறது. மன்றத்தின் சட்டப் பணி, வாதாடுதல், ஆற்றல் வளர்த்தல், அமைப்பு மாற்றம் ஆகியவையே. கூட்டத்துக்கு வரும் ஒரு தாய் தன் மகனுக்கு வீட்டுப் பணியாளர் வேண்டும் எனக் கேட்கிறார். மன்றம் அதனை நேரடியாக வழங்க இயலாது, வழங்குமாறு பிற துறைகளைத் தூண்ட மட்டுமே இயலும். கேட்பவரின் அதிகாரமும் சொல்பவரின் எதிர்பார்ப்பும் இவ்விடத்தில் பொருந்துவதில்லை.

இரண்டாவது, வருகை. கூட்டத்துக்கு வர ஊர்தி வேண்டும்; உடன்வரும் உதவியாளர் வேண்டும்; வேலைநேரத்துக்குப் புறம்பான பொழுது வேண்டும். போக்குவரத்தே பெருந்தடை என்று கூற வேண்டியவர், போக்குவரத்து இன்மையால் கூட்டத்துக்கு வராதவராகிறார். மிகுதியாகத் தேவையுடையவரின் குரலே மிகக் குறைவாகப் பதிவாகும் முரண் இது. மூன்றாவது, மன்ற உறுப்பினரை ஆளுநரே நியமிக்கிறார். இடங்களின் விகிதத்தைச் சட்டம் காக்கிறது. அவ்விடங்களில் அமர்வோரின் துணிவைச் சட்டத்தால் காக்க இயலாது.

முடிவுரை

‘பொதுமக்கள்’ என்னும் சொல்லின் பொருள், இத்துறையின் வரலாற்றில் படிப்படியாக விரிந்துள்ளது. 1962இல் அது வல்லுநர் முன் சான்று கூறுவோரைக் குறித்தது. 1970இல் பிரதிநிதிகளாக அமர்ந்த பெற்றோரைக் குறித்தது. 1974க்குப் பின் குறைபாடு உடையோர் தாமே அச்சொல்லுக்கு உரிமை கோரினர். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை விகிதமாகவும் நடைமுறையாகவும் எழுதியது. மாநிலக் காப்பகங்களில் வாழ்வோரின் எண்ணிக்கை 1967இல் இருந்ததிலிருந்து 2010களின் இறுதியில் 20,000க்கும் கீழ் இறங்கியமைக்கு வழக்குகளும் நிதிக்கொள்கைகளும் காரணமாயினும், கேட்கப்படுவோர் மாறியதும் அக்காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

கேட்பதற்கான முறையும் கேட்கும் கடமையைப் போலவே வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்பது இவ்வாய்வின் மற்றொரு முடிவு. சிகல்மனின் ஆய்வு காட்டியதுபோல, தவறாகக் கேட்டுப் பெற்ற ‘ஆம்’ என்பது கேளாமையைக் காட்டிலும் கேடானது. கேளாமை வெளிப்படையாகத் தெரியும், தவறான ஒப்புதலோ சான்றின் வடிவில் நிலைத்துவிடும். எனவே ஒரு முன்னுரிமைப் பட்டியலை ஆராய்வோர், அதில் எது முதலிடம் பெற்றது என்பதோடு, யாரிடம், எந்த இடத்தில், எவ்வகை வினாவால், யார் உடனிருக்கக் கேட்டுப் பெறப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்விவரங்கள் இன்றேல், பட்டியல் திட்டம் வகுத்தோரின் விருப்பத்தைக் காட்டும் ஆவணமாகவே எஞ்சும்.